படிப்பு மேசைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

எங்கள் வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஒரே ஓட்டு வீடாக இருந்ததைத் தாத்தா காலத்தில் பாகம் பிரித்து, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. பக்கத்துப் பாகத்தில் தாளிக்கிற வாசனை அதன் வழியாக வரும், டிவி சத்தமும் வரும்.

ரயில் ஊதினால் எங்கள் யாருக்கும் காதில் விழுவதே இல்லை. பழகிவிட்டது. ஆனால் சாயந்திரம் ஏழு மணிக்குப் பக்கத்தில் சீரியல் ஆரம்பித்ததும் அக்கா மகள் புத்தகத்தை மூடிவிடுவாள். ரயில் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது அது. "கண்ணு புத்தகத்துல இருக்கு மாமா, காது அந்த வீட்டுக் கல்யாணத்துல இருக்கு" என்பாள். அந்தப் பக்கம் இருக்கும் பாட்டிக்குக் காது மந்தம். நாள் முழுக்கத் தனியாக இருப்பவர். அந்த மூன்று மணி நேரம்தான் அவருக்குத் துணை. குறைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அவள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். நான் மூன்று கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு ஏற்றுகிறேன். ராத்திரி ஏழு முதல் பத்து வரை இருவருக்கும் ஒரே மேசை, ஒரே விளக்கு. முதலில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் பாட்டுப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டாள். நானும் அப்படித்தான் வேலை செய்வேன் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் அரை மணி நேரம் பாட்டுத் தேடுவதிலும், நடுவில் வந்த மெசேஜைப் பார்ப்பதிலும் போயிருந்தது. மீதி நேரம் படித்ததும் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டாள். இந்த ஆறு மாதப் படிப்புக்காக அவள் ஒரு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது உறுத்தியது.

திரை இல்லாத, போன் இல்லாத, ஒரே ஒரு வேலை மட்டும் செய்கிற ஒரு பெட்டி செய்து தருவதாகச் சொன்னேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன், கொஞ்ச காலம் டிவி ரிப்பேரும் பார்த்தேன். சாலிடர் அயனைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

எதைக் கேட்பது என்பதே முதல் கேள்வி

பெட்டி செய்வது இரண்டு நாள் வேலை. அதற்குள் எதைப் போடுவது என்பதுதான் இரண்டு மாதம் எடுத்தது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வேலையையே கவனித்துப் பார்த்தேன். பில்லைப் பார்த்து எண்களை ஏற்றும்போது சினிமாப் பாட்டு ஓடினால் கை நன்றாக ஓடுகிறது, தூக்கமும் வருவதில்லை. ஆனால் வரி சம்பந்தமான கடிதம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தால் என்னை அறியாமல் கை போய்ப் பாட்டை நிறுத்திவிடுகிறது. இவ்வளவு நாள் இது எனக்கே தெரியாது. படிக்கும்போது மனசுக்குள் ஒரு வாய் பேசிக்கொண்டே இருக்கிறது. பாட்டில் வருகிற சொல்லும் அதே வாயைப் பிடித்துக்கொள்கிறது. எண் ஏற்றும்போது அந்த வாய் சும்மா இருப்பதால் பாட்டுப் பாடட்டும் என்று விட்டுவிடலாம்.

இதை மனவியல்காரர்கள் ரொம்ப நாளாகவே சோதித்திருக்கிறார்கள். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர், எழுத்து வரிசை ஒன்றை மனப்பாடம் செய்கிறவர்களுக்குப் பின்னணியில் அவர்களுக்குத் தெரியாத மொழியில் பேச்சை ஓடவிட்டார்கள். அர்த்தமே புரியாத அந்தப் பேச்சும் மனப்பாடத்தைக் கெடுத்தது. பின்னால் 1982இல் சலாமே, பேட்லி இருவரும் அதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். பிறகு 1989இல் இசையையும் சேர்த்துச் சோதித்தபோது, வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டு அதிகம் கெடுப்பது தெரிந்தது. எங்கள் வீட்டில் ரயிலை விடச் சீரியல் ஏன் பெரிய சத்தம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிடித்த பாட்டு என்றால் கெடுக்காது என்று அவள் வாதாடினாள். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 2011இல் பெர்ஹாம், விசார்ட் என்பவர்கள் பிடித்த பாட்டையும் பிடிக்காத பாட்டையும் போட்டு வரிசையை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இரண்டும் ஒரே அளவுக்குக் கெடுத்தன.

மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். அக்கா அதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அதன் மூலம் 1993இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைக் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்கிற மாதிரியான கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது. கேட்டது வேலைக்கு முன்னால், வேலை செய்துகொண்டே அல்ல. பிற்பாடு வந்த ஆய்வுகள், மனம் உற்சாகமாக இருந்ததுதான் காரணம், மொசார்ட் அல்ல என்று காட்டின. அப்படிப் பார்த்தால் படிக்க உட்காருமுன் பத்து நிமிடம் பிடித்த சினிமாப் பாட்டுக் கேட்பது நல்லதுதான். இந்த ஒன்றை அவளும் நானும் உடனே ஒப்புக்கொண்டோம். இப்போதும் ஆறே முக்காலுக்கு வீட்டில் பாட்டு ஓடும்.

வேலைக்குப் பாட்டு உதவாது என்று இதையெல்லாம் வைத்து யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டு இல்லாமல் இழுத்து நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. அத்தனை பேர் கையும் ஒரே நொடியில் இழுக்க அந்தப் பாட்டு வேண்டும். நடவுக்கும் ஏற்றத்துக்கும் பாட்டு இருந்தது. 1940 ஜூனில் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக பிபிசி வானொலி தொடங்கிய வேலைநேர இசை நிகழ்ச்சியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அதெல்லாம் கை செய்கிற வேலை. என் டேலி வேலை அந்தப் பக்கம் சேரும். அவளுடைய இலக்கணம் சேராது. ஒரே மேசையில் இரண்டு வகை வேலை நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு நாளாயிற்று.

சரி, சொல் இல்லாத இசை என்று வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அடுப்படியிலிருந்து அக்கா வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். அவள் சின்ன வயதில் பாட்டுக் கற்றவள். கீர்த்தனை வீணையில் வந்தாலும் அதன் சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், அவள் மனசில் ஓடுகிறது. மகளுக்கும் அதில் பாதி தெரியும். சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் வாசித்தவற்றில் இது இன்னும் மோசம், ஒவ்வொரு வரியும் நாக்கில் வந்து நிற்கும். அப்புறம் கீர்த்தனைகளை எல்லாம் வெட்டிவிட்டு, ராக ஆலாபனை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆலாபனையில் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. குழலில் மெதுவாகப் போகிற ஆலாபனை, பின்னால் தம்பூரா. எனக்கு இது மிகவும் பிடித்தது. கணக்குப் போடும்போது அவளுக்கும் ஒத்து வந்தது. மனப்பாடத்துக்கு மட்டும், "அடுத்து எங்க போகப்போறாருன்னு மனசு பின்னாலயே போகுது மாமா" என்றாள். நல்ல இசை என்றால் அப்படித்தானே இழுக்கும்.

மனப்பாட நேரத்துக்கு இசையே வேண்டாம், சீரியலை மூடுகிற ஒரு திரை போதும் என்று முடிவுக்கு வந்தோம். பெட்டிக்குள் மூன்று வகை ஒலி வைப்பது என்று எழுதிக்கொண்டேன். எனக்கும் கணக்குக்கும் ஆலாபனை, வெறும் தம்பூரா ஒன்று, மனப்பாடத்துக்குக் கடல்.

பெட்டி

அப்பாவின் டூ இன் ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, பரணில் கிடந்தது. அதையே சரிசெய்யலாம் என்றுதான் இறக்கினேன். பின்மூடியைக் கழற்றினால் பெல்ட்டுகள் தார் போல உருகி கப்பியில் ஒட்டியிருந்தன. டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கல்லாக இறுகிவிட்டது. கேசட்டும் வீட்டில் இல்லை. வருத்தத்தோடு அதை விட்டுவிட்டு ஸ்பீக்கர்களை மட்டும் எடுத்தேன். நாலு அங்குலம், 8 ஓம். ஒன்றின் காகிதக் கோனைக் கரப்பான் அரித்திருந்தது. மற்றதை மீட்டரில் வைத்தால் ஆறே முக்கால் ஓம் காட்டியது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவு. ஒரு பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டு எடுத்தேன். 'டப்' என்று சுத்தமாகக் கேட்டது. கோனை இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தி விட்டபோது உரசல் இல்லை. உரசினால் கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம், அதை எடுத்துப் பயன் இல்லை.

பாட்டு வாசிக்க டிஎஃப்பிளேயர் மினி என்ற சின்ன மாட்யூல். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மெமரி கார்டு செருகும் இடமும், 3 வாட் ஆம்ப்ளிஃபயரும் அதிலேயே இருக்கின்றன. இதை ஆர்டுயினோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் போர்டோடு சேர்த்துத்தான் எல்லாரும் செய்கிறார்கள். புரோகிராம் ஒன்றும் இல்லாமலேயே இது வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 9ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு பட்டன், 11ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொன்று. தட்டினால் முந்தைய கோப்பு, அடுத்த கோப்பு. அழுத்திப் பிடித்தால் சத்தம் குறையும், கூடும். அவ்வளவுதான் பெட்டியின் முகம். இரண்டு பட்டன், ஒரு சுவிட்ச்.

மின்சாரத்துக்கு 18650 என்ற, சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் செல் ஒன்று, டிபி4056 சார்ஜிங் போர்டு ஒன்று. போர்டு வாங்கும்போது பாதுகாப்புச் சில்லும் சேர்ந்திருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். செல் முழுதாக வற்றிப்போகாமல் அது துண்டித்துவிடும். செல்லின் மேல் நேராகச் சாலிடர் வைக்காதீர்கள். சூட்டில் அது கெடும், ஆபத்தும் உண்டு. பத்து ரூபாய் ஹோல்டரில் போட்டுவிட்டேன். மாட்யூல், செல், போர்டு, பட்டன், கார்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாதிப் பொருள் புதுச்சேரியில் ஒரு கடையிலும் மாட்யூல் ஆன்லைனிலும் வாங்கினேன்.

முதல் தப்பு ஸ்பீக்கர் இணைப்பில். பழைய டிவி பழக்கத்தில் ஸ்பீக்கரின் ஒரு முனையைக் கிரவுண்டில் கொடுத்துவிட்டேன். மாட்யூலில் 6, 8 இரண்டும் ஸ்பீக்கர் கால்கள். நடுவில் இருக்கிற 7தான் கிரவுண்டு. பக்கத்தில் இருப்பதால் கையும் அங்கேயே போனது. சத்தம் வந்தது, ஆனால் கம்மியாக, கரகரப்பாக. ஒரு நிமிடத்தில் சில்லைத் தொட முடியவில்லை. இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர் இரண்டு கால்களையும் எதிரெதிராக ஆட்டி ஓட்டுகிறது. அதில் எந்தக் காலையும் கிரவுண்டில் சேர்க்கக்கூடாது. நல்லவேளையாக மாட்யூல் பிழைத்தது. 6, 8 என்று மாற்றியதும் குளிர்ந்தது, ஒலியும் தெளிந்தது.

இரண்டாவது, ஆன் செய்தவுடன் வீடே அதிரும் சத்தம். என்னிடம் வந்த மாட்யூல் எப்போது ஆன் செய்தாலும் முழுச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறது. நேற்று குறைத்து வைத்தது அதற்கு நினைவில்லை. கோப்பிலேயே ஒலி அளவைக் குறைத்துப் பார்த்தேன். அப்போது ஆம்ப்ளிஃபயரின் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் அப்படியே நின்று பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் 22 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். 30 ஓமில் 8 ஓம்தான் ஸ்பீக்கர் என்பதால் அதற்குக் கால் பங்கு மின்னழுத்தம்தான் போகும். பாட்டும் குறைந்தது, அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தமும் அதே அளவு குறைந்தது. இரண்டு ரூபாய் ரெசிஸ்டர் இவ்வளவு நல்ல வேலை செய்ததில் எனக்கு இன்னும் சந்தோஷம் போகவில்லை.

சார்ஜ் போட்டபடி கேட்டால் 'கிர்ர்' என்று ஓர் இரைச்சல் வருகிறது. அது சார்ஜரிலிருந்து வருகிறது. பகலில் சார்ஜ், ராத்திரி பாட்டு என்று வைத்துக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும்.

பெட்டிக்கு மரம் பண்ருட்டியில் ஒரு மரக்கடையில் மிஞ்சிய பலாப்பலகை. பலா என்றால் பழம் மட்டும் நினைவுக்கு வரும், தஞ்சாவூரில் வீணை செய்வதும் பலாவில்தான். ஆனால் வீணைக்கு நல்லது ஸ்பீக்கர் பெட்டிக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீணைக் குடம் தானும் சேர்ந்து பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி வாய் திறக்கக் கூடாது. அதனால் கனமாக, முக்கால் அங்குலத் தடிமனில் எடுத்து, உள்ளே குறுக்கே ஒரு சட்டம் வைத்து இறுக்கினேன். உள்ளளவு எட்டு அங்குல உயரம், ஆறு அகலம், ஆறு ஆழம், கிட்டத்தட்ட நாலே முக்கால் லிட்டர். மூட்டுகளில் ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அடைத்தேன். கம்பி வெளியே வரும் துளையை எம்-சீலால் மூடினேன். காற்றுக் கசிந்தால் பெட்டி சீட்டியடிக்கும்.

அப்படியும் தம்பூராவின் கீழ் ஸ்வரத்தில் பெட்டி 'போம்' என்று குடத்துக்குள் பேசுவதுபோல ஒலித்தது. பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்து, ஒரு துணிப் பையில் தளர்வாகப் போட்டு உள்ளே வைத்தேன். அந்தக் குடச் சத்தம் போய்விட்டது. பஞ்சைத் திணிக்க வேண்டாம், கையை உள்ளே விட்டால் எளிதாகப் போகிற அளவுக்கு இருந்தால் சரி. பையில் போடாவிட்டால் இழை போய்க் கோனில் ஒட்டும்.

நம் ஊரில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்று சாலிடர் புள்ளிகளை விடாது. முதல் மழைக்கு முன்பே பட்டன் கால்கள் பச்சை பூத்துவிட்டன. எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் அக்காவிடம் நெயில் பாலிஷ் வாங்கி ஒவ்வொரு புள்ளியிலும் தடவினேன். மெமரி கார்டு செருகும் இடத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இதுவரை பச்சை வரவில்லை.

கடலைப் பிடிக்கப் போனது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெள்ளிக் கடற்கரைக்கு விடிகாலை நாலரைக்குச் சைக்கிளில் போனேன். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும், போன் மைக்கில் காற்று மோதினால் வேறு எதுவும் பதியாது. விடியுமுன் காற்று அடங்கியிருக்கும். கரையில் ஏற்றிவைத்திருந்த ஃபைபர் படகின் மறைவில் போனை வைத்து, மைக்கின் மேல் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகச் சுற்றினேன். பத்து நிமிடம் பதிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால், நடுவில் இரண்டு படகு எஞ்சின். அதை வெட்டிவிட்டு நல்ல மூன்று நிமிடத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு காக்கை ஒரு முறை கத்துகிறது. எனக்கு அது தெரியவே இல்லை. மூன்றாம் நாள் அவள் தலை நிமிர்ந்து, "இப்போ காக்கா வரும் பாருங்க மாமா" என்றாள். வந்தது. மறுபடி மூன்று நிமிடத்தில் வந்தது. அவள் படிப்பை விட்டுவிட்டுக் காக்கைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

காக்கையை எடுத்த பிறகும் ஏதோ சரியில்லை. அலை ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுகிறது. ஏறி, உடைந்து, இழுத்துக்கொண்டு போகிறது. கேட்க அழகுதான், ஆனால் ஒவ்வொரு அலையும் கவனத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. மாறிக்கொண்டே இருக்கிற ஒலிதான் மனப்பாடத்தைக் கெடுக்கிறது, மாறாமல் நிற்கிற ஒலி அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்று அந்த ஆய்வுகளிலும் படித்திருந்தேன். மின்விசிறி யாரையும் தொந்தரவு செய்யாததும் அதனால்தான். பக்கத்து வீட்டுப் பேச்சை மூடவும் இடைவெளி இல்லாத ஒலி வேண்டும். அலைக்கும் அலைக்கும் நடுவில் சீரியல் மாமியார் ஒரு வாக்கியம் பேசி முடித்துவிடுகிறார்.

அடுத்த முறை கரையை விட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்புக்குள் போய் உட்கார்ந்தேன். லேசான காற்று இருந்த நாள். அலைகள் எல்லாம் சேர்ந்து தூரத்தில் ஒரே முழக்கமாக இருந்தன. அதற்கு மேலே சவுக்கு ஊசிகளின் 'ஊ' என்ற ஓசை, நிற்காமல். சவுக்குக்குப் பட்டையான இலை கிடையாது என்பதால் படபடப்பு இல்லை, காற்று இழைந்து போகிறது. நாற்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்தேன். பாதியில் நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன்.

ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினேன், மைக்கில் மோதிய காற்றின் உறுமல் அதோடு போயிற்று. ஒரு நாயும் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்த இடங்களை எடுத்துவிட்டு, ஒட்டிய இடம் தெரியாதபடி இரண்டு பக்கமும் மெல்ல மங்கிக் கலக்கவிட்டேன். குறைந்த நேரத்தை வேறொரு நாள் பதிவிலிருந்து சேர்த்தேன். கடைசியில் கோப்பை நாற்பது நிமிட ஒலி, பத்து நிமிட அமைதி என்று முடித்தேன். ஒலி மெதுவாக அடங்குவதுதான் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லும் மணி. டைமரும் வேண்டாம், போனும் வேண்டாம். அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய மியூசாக் நிறுவனம் பிற்பாடு தொழிற்சாலைகளுக்குக் கால் மணி நேரம் இசை, கால் மணி நேரம் அமைதி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. எப்போதும் ஓடினால் எதுவும் பயன்படாமல் போகும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கார்டில் ஏற்றும்போது ஒரு விஷயம். 32 ஜிபிக்குள் இருக்கிற கார்டாக, ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்ய வேண்டும். பட்டனால் ஓட்டும்போது இந்த மாட்யூல் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் நகலெடுத்தோமோ அதே வரிசையில் வாசிக்கும். ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டதில் என் வரிசை கலைந்து, கடல் வர வேண்டிய இடத்தில் குழல் வந்தது. துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

நோட்டில் எழுதியது

வேலை செய்கிறதா என்று பார்க்காமல் நம்பக்கூடாது என்று ஒரு நோட்டுப் போட்டோம். நூல், ஆசிரியர் பெயர் என்று பத்து இணைகள், பத்து நிமிடம் படித்து, கால் மணி நேரம் கழித்து எழுத வேண்டும். ஒரு நாள் சினிமாப் பாட்டு, ஒரு நாள் சீரியல் மட்டும், ஒரு நாள் சீரியலுக்கு மேல் சவுக்குத் தோப்பு, ஒரு நாள் விடிகாலை ஐந்து மணி அமைதி. இப்படி மாற்றி மாற்றிப் பதினாறு நாள். பாட்டு ஓடிய நாட்களிலும் சீரியல் நாட்களிலும் ஐந்து, ஆறு என்று நின்றாள். சவுக்குத் தோப்பு நாட்களில் ஏழு, எட்டு. விடிகாலையில் எட்டுக்குக் குறையவே இல்லை, இரண்டு நாள் பத்தும் எழுதினாள். விடிகாலையில் மூளை புதிதாக இருப்பதும் அதில் சேர்ந்திருக்கும். ஒரே ஒருத்தியின் கணக்கு இது, வேறு ஒருவருக்கு வேறு மாதிரி வரலாம். அமைதி கிடைத்தால் அமைதியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம். எங்களுக்கு ஏழு மணிக்கு அது கிடைப்பதில்லை.

திறனறிக் கணக்குகளில் கதை வேறு. தேர்வில் அது 25 கேள்வி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரியான விடைகள் ஒரே மாதிரிதான் வந்தன. ஆனால் குழல் ஆலாபனை ஓடிய நாட்களில் எழுந்திருக்காமல் அதிக நேரம் உட்கார்ந்தாள். எனக்கும் அப்படித்தான். அதனால் ஏழிலிருந்து எட்டு வரை அவளுக்குக் கணக்கு, எனக்கு டேலி, இருவருக்கும் ஆலாபனை. எட்டுக்கு மேல் அவள் மனப்பாடத்தை எடுப்பாள், சவுக்குத் தோப்பு ஓடும். படிக்க வேண்டிய கடிதங்களை நானும் அப்போதுதான் எடுக்கிறேன்.

சத்தம் எவ்வளவு வைப்பது என்பதையும் எழுதிவைத்திருக்கிறோம். சீரியலில் பேச்சுக் கேட்கலாம், சொல் புரியக்கூடாது. அந்த அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஹெட்போனில் போட்டால் இந்த அளவு தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் எல்லையாகச் சொல்கிறது. எங்கள் மேசையில் அதற்கு வெகு கீழே இருக்கிறது. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் காதில் எதையும் மாட்டாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

இப்போது தேர்வு நெருங்கிவிட்டதால் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறோம். இதை நான்தான் சொன்னேன். 1975இல் காடன், பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கு அடியிலும் கரையிலும் வைத்துச் சொற்களைப் படிக்கச் சொன்னார்கள். தண்ணீருக்கு அடியில் படித்தது தண்ணீருக்கு அடியிலும், கரையில் படித்தது கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தது. தேர்வு அறையில் சவுக்குத் தோப்பு இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதரை மணிக்கு, 200 கேள்வி, மூன்று மணி நேரம், பெட்டி அலமாரியில்.

போன ஞாயிறு பாட்டி காலையிலேயே டிவியைப் போட்டுவிட்டார், ஏதோ சிறப்பு நிகழ்ச்சி. அவள் அப்போது நாற்பதாவது கேள்வியில் இருந்தாள். பெட்டியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமா, அங்க ஹால்ல யாராவது இருமிக்கிட்டே இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவரிலிருந்து இன்னும் ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டு, நாற்பத்தொன்றாவது கேள்விக்குப் போனாள்.